மூன்றாம் பாட்டின் அடிக்குரல்

சுப்பம்மாவுக்குத் தொலைபேசி எடுக்கிறவர்கள் "ஐயா" என்றுதான் கதையைத் தொடங்குவார்கள். "ஐயாவும் இல்லை, கொய்யாவும் இல்லை. சுப்பம்மா கதைக்கிறன்" என்பாள் அவள்.

மலையகத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து அடித்து விரட்டப்பட்டு வடக்கே நெடுங்கேணிக்கு வந்த தாய் தகப்பனுக்கு இங்கே பிறந்தவள். வயது நாற்பத்தாறு. அவளுடைய கச்சான் கடலைத் தோட்டத்துக்கு வருகிற யானைக்கு வெடி தேவையில்லை, அவள் ஒரு சத்தம் போட்டால் போதும். ஆம்பிளைக் குரல் போலத் தடித்த அந்தக் குரலை வைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்தில் பட்ட பாடுதான் பெரும்பாடு. பாட்டுப் போட்டி வந்தால் கடைசி வரிசையில் நிறுத்தி, "நீ வாயை மட்டும் அசை பிள்ளை" என்பார்கள். அந்தச் சூடு அவளுக்கு இன்னும் ஆறவில்லை.

போன கார்த்திகையில் கச்சான் விற்கப் போனவள் மாதா கோயில் வாசலில் நின்றுவிட்டாள். உள்ளே கௌசலா ரீச்சர் பாடகர் குழுவைப் பழக்கிக்கொண்டிருந்தார். முந்நூறு வருடங்களுக்கு முன்னர் இத்தாலியில் யாரோ எழுதிய ஐந்து லத்தீன் பாட்டுகள். நாலு குரல் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறிப் பாட வேண்டும். ஆகக் கீழே நிற்கிற அடிக்குரலுக்கு ஆண்கள் வேண்டும். யுத்தம் தின்றதும் வெளிநாடு கொண்டுபோனதும் போக மிஞ்சியவர்கள் வான் வண்டி ஓட்டுகிற நிரஞ்சனும் மேசன் வேலை செய்கிற சஜீவனும்தான். அவர்கள் திணறிய இடத்தைச் சுப்பம்மா வாசலில் நின்றபடியே முனகினாள்.

"ஆரது?" என்றார் ரீச்சர்.

"நான்தான் ரீச்சர். மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

"மன்னிப்புக் கிடக்கட்டும். உள்ள வந்து திரும்பப் பாடுங்கோ."

நாலு மாதம் ஆண்கள் வரிசையில், நிரஞ்சனுக்கும் சஜீவனுக்கும் நடுவில் நின்று பழகினாள். லத்தீனைத் தமிழ் எழுத்தில் கொப்பியில் எழுதிவைத்தாள். மூன்றாம் பாட்டு அடிக்குரல் தனியே தொடங்குவது. ஆழக் குழிக்குள் கிடக்கிறவன் மேலே பார்த்துக் கடவுளைக் கூப்பிடுகிறான் என்று ரீச்சர் பொருள் சொன்னார். "யுத்தத்தில பங்கர்க் குழிக்குள்ள கிடந்து நானும் கூப்பிட்டனான்" என்றாள் சுப்பம்மா. அந்தத் தொடக்கத்தை ரீச்சர் அவளுக்கே கொடுத்தார்.

ஈஸ்டருக்கு முந்தின தபசு காலத்தில், வவுனியாவில் ஒரு மாதா கோயிலில் பாட அழைப்பு வந்தது. வெளிநாடு போன சனத்துக்காக நேரடி ஒளிபரப்பும் இருந்தது. ஒழுங்கமைப்பாளர் தர்சன் வரிசையை ஒரு பார்வை பார்த்தான்.

"அக்கா, குறை நினையாதேங்கோ. ஆம்பிளையளுக்கு நடுவில நீங்கள் நிண்டால் வீடியோவில ஒரு மாதிரி இருக்கும். அந்தத் திரைக்குப் பின்னால மைக் வைச்சிருக்கிறன், அங்க நிண்டு பாடுங்கோ."

"அப்ப வாயசைக்கிறது ஆர், தம்பி?"

அவன் கமெராப் பக்கம் போய்விட்டான். ரீச்சர் மறுக்க வாயெடுக்க முன்னர் தொடக்க மணி அடித்துவிட்டது.

முதல் இரண்டு பாட்டையும் சுப்பம்மா திரைக்குப் பின்னால் நின்று பாடினாள். முகத்துக்கு முன்னால் ஊதாச் சீலை. அன்று குரலை ஒளித்தார்கள், இன்று ஆளை ஒளிக்கிறார்கள்.

மூன்றாம் பாட்டுக்கு ரீச்சர் கையை உயர்த்தினார். சத்தமில்லை. ரீச்சர் கையை இறக்கி, திரும்பவும் உயர்த்தினார். நிரஞ்சனும் சஜீவனும் தொடங்கியிருக்கலாம், நாலு மாதமாகக் கேட்ட பாட்டுத்தானே. இருவரும் வாயை இறுக்க மூடிக்கொண்டு நின்றார்கள்.

திரை விலகியது. சுப்பம்மா பீடத்தின் முன்னால் நேரே நடந்து வந்தாள். கமெராவுக்குப் பக்கத்தில் நின்ற தர்சன், உள்ளே போகும்படி கையைக் காட்டினான். நிரஞ்சன் ஓரடி விலகி இடம் விட்டான். அவள் அந்த இடத்தில் நின்று, சேலைத் தலைப்பை இழுத்துச் செருகி, தர்சனைப் பார்த்துக்கொண்டே தொடங்கினாள். யானை விரட்டுகிற அந்தக் குரல் கோயிலின் கடைசி வாங்கில் இருந்தவர்கள் வரைக்கும் போனது.

அந்த வீடியோவில் மூன்றாம் பாட்டுக்கு முன்னர் நாற்பது வினாடி ஒரு சத்தமும் இல்லை. அதை வெட்டிவிடட்டோ என்று ரீச்சரிடம் தர்சன் எத்தனையோ தரம் கேட்டுப் பார்த்தான். ரீச்சர் விடவே இல்லை. சுப்பம்மா நடந்து வருவது அந்த நாற்பது வினாடியில்தான் இருக்கிறது.