இரண்டு பீரோவில் ஒரு மகள்

ஊரில் அவரை எல்லோரும் அட்மிஷன் சார் என்றுதான் கூப்பிடுவார்கள். மேம்பாலத்துக்கு மேற்கே இருந்த தனியார் கல்லூரியில் மாணவர் சேர்க்கைக்குப் பொறுப்பு அவர்தான். சாலையைத் தாண்டிக் கிழக்கே இன்னொரு தனியார் கல்லூரி. அங்கே அதே பொறுப்பில் இருந்தவள் அவருடைய மனைவி. காலையில் இருவரும் ஒரே ஸ்கூட்டரில் வருவார்கள். மேம்பாலத்தின் கீழே அவள் இறங்கிக்கொள்வாள். அதற்குப் பிறகு மாலை வரை யாரோ எவரோ. வீட்டில் அவர் அவளுக்கு வைத்திருந்த பெயர் எதிர்க்கட்சி. அவள் அவரை ஆளுங்கட்சி என்பாள். சொல்லும்போது உதட்டைச் சுழிப்பாள்.

ஒரு காலத்தில் அவர் வேலைக்கு நல்ல மவுசு இருந்தது. சிபாரிசுக் கடிதத்தோடு வருகிறவர்களுக்குப் பயந்து கல்லூரியின் பின்சுவரை ஏறிக் குதித்து வீட்டுக்குப் போயிருக்கிறார். பிறகு ஊரில் கல்லூரிகள் எட்டு ஆயின. பள்ளி முடிக்கும் பிள்ளைகள் வருஷா வருஷம் குறைந்தார்கள். கட்டணத்தை ஏற்ற அரசுக் குழு விடாது. ஏழைப் பிள்ளைகளுக்காக அரசு கட்டவேண்டிய கட்டணமோ இரண்டு வருஷம் கழித்து ஆடி அசைந்து வரும். சம்பளம் இரண்டு தவணை ஆயிற்று. ஆசிரியர்கள் அவற்றுக்கு ‘இடைவேளைக்கு முன்’, ‘இடைவேளைக்குப் பின்’ என்று பெயர் வைத்தார்கள். ஆசிரியர் அறையின் மூன்று மின்விசிறிகளில் ஒன்றுதான் சுற்றலாம் என்று உத்தரவு. அதன் கீழே யார் உட்காருவது என்பதைப் பணிமூப்பு தீர்மானித்தது.

இந்த நிலையில் பல்கலைக்கழகத்திலிருந்து ஓர் ஆணை வந்தது. வரும் வெள்ளிக்கிழமைக்குள் முதலாண்டில் இருபது பேர் சேராத துறையை மூடிவிடவேண்டும். பக்கத்துக் கல்லூரியிலும் அதே துறை தேறவில்லை என்றால், இரண்டில் சிறியது பெரியதோடு சேர்ந்துவிடவேண்டும்.

அட்மிஷன் சாரின் கல்லூரியில் வணிகவியலுக்கு வந்தவர்கள் பத்தொன்பது பேர். வணிகவியல் போனால் மிச்சமிருக்கும் துறைகளுக்குத் தனியாக ஒரு சேர்க்கை அலுவலர் எதற்கு என்று செயலர் வெளிப்படையாகவே கேட்டுவிட்டார். எதிர்க்கட்சியிலும் பத்தொன்பதுதான். அவள் வாய் திறக்கவில்லை. ஆனால் சாப்பிட உட்கார்ந்தவள் சோற்றைத் தொடாமல் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்ததை அவர் பார்த்தார். பத்தொன்பதில் விரல் நின்றது.

அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. அந்த ஊரில் எட்டுக் கல்லூரிக்கும் உள்ள வழக்கம்தான். விசாரிக்க வரும் பிள்ளையிடம் அசல் சான்றிதழ்களை வாங்கி, “பத்திரமா இருக்கும்” என்று பச்சை பீரோவில் வைத்துப் பூட்டிவிடுவார். அதன் பிறகு பிள்ளை வேறு கல்லூரிக்குப் போக நினைத்தாலும் கால் நகராது. திருப்பிக் கேட்டு வருபவர்களுக்கு ஒரே பதில்தான். “சாவி செயலர்கிட்ட இருக்கு. அவர் வெளியூர் போயிருக்கார்.” செயலர் மாடியில் தூங்கிக்கொண்டிருப்பார்.

இன்னொன்றும் உண்டு. வீடு வீடாகப் போய்ப் பிள்ளை பிடிக்கும்போது கடைசியாக ஒரு வாக்கியம் சொல்வார். “என் பொண்ணையே இங்கதாம்மா சேர்க்கப் போறேன்.” இதைச் சொன்னால் எப்பேர்ப்பட்ட தாயும் இளகிவிடுவாள். இதே வாக்கியத்தை எதிர்க்கட்சியும் தன் கல்லூரிக்காகச் சொல்லி வந்தாள். அந்தப் பெண் அந்த வருஷம்தான் பள்ளியை முடித்திருந்தாள்.

செவ்வாய்க்கிழமை காலை, மகள் குளிக்கப் போன சமயம் பார்த்து அவர் மேசை இழுப்பறையைத் திறந்தார். பிளாஸ்டிக் உறையில் மதிப்பெண் சான்றிதழ் மட்டும் இருந்தது. டிசியைக் காணோம். நகல் எடுக்கக் கொண்டுபோயிருப்பாள் என்று நினைத்துக்கொண்டு, இருந்ததைச் சட்டைக்குள் செருகி எடுத்துப்போய் பச்சை பீரோவில் வைத்துப் பூட்டினார். இருபதாவது ஆள் பாதி கிடைத்துவிட்டாள் என்று மனசு லேசாகிவிட்டது.

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது மகள் காலி உறையைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

“இதுல இருந்ததெல்லாம் எங்க?”

அவர் தண்ணீர் குடித்தார். அவள் அம்மா ஏற்கெனவே மூடியிருந்த பாத்திரத்தை இன்னொரு தட்டால் மூடினாள்.

“வியாழக்கிழமை அரசுக் கல்லூரியில எனக்குக் கலந்தாய்வு. ரெண்டு ஒரிஜினலும் வேணும். அப்பா, மார்க் ஷீட்டை நீங்க எடுத்தீங்களா?”

“பத்திரமா இருக்கட்டுமேன்னு...”

“பார்த்தியா பாப்பா, உங்கப்பா வேலைய!” என்று பாய்ந்தாள் எதிர்க்கட்சி. “பெத்த பொண்ணுகிட்டயே கைவரிசை காட்டியிருக்காரு!”

“அப்ப டிசி எங்கம்மா?”

எதிர்க்கட்சி பாத்திரத்தின் மேலிருந்த தட்டைச் சரிசெய்தாள்.

“என்னங்க,” என்று கணவர் பக்கம் திரும்பிக் குரலை இறக்கினாள், “நீங்க மார்க் ஷீட்டை எனக்குக் குடுத்திடுங்க. பாதி வெச்சிக்கிட்டு நீங்க என்ன பண்ணப் போறீங்க?”

“ஏம்மா, அதையே நான் உன்னைக் கேக்கலாமில்ல?”

“ரெண்டு பேரும் ஏலம் போட்டு முடிச்சிட்டீங்களா?” என்றாள் மகள். “நான் எந்தக் காலேஜ்லயும் இன்னும் சேரவே இல்ல. அதுக்குள்ள ரெண்டு காலேஜ் பீரோவுல பாதிப்பாதியா இருக்கேன்.”

“எங்கள விட்டுட்டு அரசுக் கல்லூரியில அப்படி என்ன இருக்கு?” என்றார் அவர்.

“புள்ளியியல் இருக்கு. வீட்டுல ரெண்டு பேரும் தினமும் தலை எண்ணறீங்க. நான் அத ஒழுங்கா படிக்கலாம்னு பார்க்கறேன்.”

மறுநாள் காலை அவர் அலுவலகத்தில் மகள் வந்து நின்றாள். வரிசை என்று எதுவும் இல்லை. இருந்தும் கோடு போட்ட இடத்தில் நின்று, கூப்பிட்ட பிறகுதான் வந்தாள். அவளுக்கு முன்னால் வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர் ஒரு லாரி மெக்கானிக். அவருடைய பெண்ணுக்கு வேறு ஊரில் செவிலியர் படிப்பில் இடம் கிடைத்திருந்தது. சான்றிதழ் கேட்டு வந்து வந்து ஓய்ந்துபோயிருந்தார்.

“சார், என் சர்டிபிகேட் திருப்பி வேணும்” என்றாள் மகள்.

வேறு யாரோ பேசுவதைப் போல அவர் வாயிலிருந்து அது வந்துவிட்டது. “சாவி செயலர்கிட்ட இருக்கும்மா. அவர் வெளியூர்...”

“சாவி உங்க சட்டைப் பையில இருக்கு சார். நேத்து துணி ஊற வைக்கறப்ப நான்தான் எடுத்து வெச்சேன். காலையில மறக்காம குடுத்தேனே.”

பெஞ்சிலிருந்த மெக்கானிக் மெதுவாகத் தலையைத் தூக்கி, முதலில் அவர் முகத்தையும் பிறகு அவர் சட்டைப் பையையும் பார்த்தார். கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. அந்த ஆள் சிரித்துவிட்டார்.

அட்மிஷன் சாருக்குக் காது இரண்டும் சிவந்துவிட்டன. எழுந்து பீரோவைத் திறந்தார். மகளுடையதை மகளிடம் கொடுத்தார். பூட்டப் போனவர் நின்று, அடுக்கிலிருந்து இன்னோர் உறையை உருவி எடுத்து மெக்கானிக்கிடம் நீட்டினார். மெக்கானிக் கையைக் கால்சட்டையில் இரண்டு பக்கமும் துடைத்துவிட்டுத்தான் வாங்கினார்.

பத்தொன்பது பதினெட்டு ஆயிற்று.

சாலைக்கு அந்தப் பக்கம் எதிர்க்கட்சியும் டிசியைக் கொடுத்தாள். கொடுப்பதற்கு முன் தாழ்வாரத்தை எட்டிப் பார்த்து வேறு யாரும் காத்திருக்கவில்லை என்று உறுதி செய்துகொண்டதாக மகள் பிறகு சொன்னாள்.

அன்று மாலையும் வியாழன் முழுவதும் அவர் தெருத்தெருவாக அலைந்தார். ஒரு தையல்காரம்மா வீட்டில் எல்லாம் கனிந்து வந்தது. பையனின் சான்றிதழ்களை அந்தம்மா கையில் எடுத்துக்கூட விட்டாள்.

“உங்க பொண்ணு எங்க சார் சேர்ந்திருக்கு?”

நாக்கின் நுனி வரை வந்த வாக்கியத்தை அவர் விழுங்கினார். “அரசுக் கல்லூரியிலம்மா. இன்னிக்குத்தான் சேர்ந்தா. புள்ளியியல்.”

“அப்ப என் பையன் மட்டும் இளிச்சவாயனா?” என்று கேட்டுவிட்டு அந்தம்மா சிரி சிரியென்று சிரித்தாள். குடிக்கத் தண்ணீரும் கொடுத்து, அரசுக் கல்லூரிக்கு எந்தப் பேருந்து போகும் என்று அவரிடமே விசாரித்துக்கொண்டாள். அவர் எண்ணைச் சரியாகச் சொன்னார்.

வெள்ளிக்கிழமை மாலை கணக்கு முடிந்தது. கிழக்கே பத்தொன்பது, மேற்கே பதினெட்டு. ஆணைப்படி மேற்கின் வணிகவியல் கிழக்கோடு சேரவேண்டும். செயலர் அவருக்கு ஒரு மாலை போட்டு, ‘இடைவேளைக்குப் பின்’ பாதிச் சம்பளத்தையும் தந்து அனுப்பினார்.

திங்கட்கிழமை காலை மேம்பாலத்தின் கீழே மனைவி இறங்கியதும் அவரும் வண்டியை ஓரங்கட்டினார். பதினெட்டுப் பிள்ளைகளும் அங்கே நின்றிருந்தார்கள். சான்றிதழ்க் கட்டை நெஞ்சோடு அணைத்தபடி அவர்களை வரிசையாகச் சாலை கடக்கவைத்து, கிழக்குக் கல்லூரியின் அலுவலகத்துக்குள் நுழைந்தார்.

எதிர்க்கட்சி கண்ணாடியை மூக்கில் இறக்கிப் பார்த்தாள். “ஒரிஜினல் எல்லாம் இருக்கா?”

“இருக்கு மேடம். கேட்டா உடனே திருப்பிக் குடுத்திடுவீங்களா?”

“சாவி எங்க செயலர்கிட்ட இருக்கு.”

“கைப்பையில, சீப்புக்குக் கீழ” என்றார் அவர். பின்வரிசையில் ஒரு பையன் களுக்கென்று சிரித்தான்.

அவள் முறைத்தாள். பிறகு கைப்பையில் துழாவிச் சாவியை எடுத்து மேசைமேல் வைத்தாள். “முப்பத்தேழு பேரை நான் ஒருத்தியா பார்க்க முடியாதுன்னு எங்க செயலர்கிட்ட சொல்லியிருக்கேன். பாதிச் சம்பளம்தான். அதுவும் ரெண்டு தவணை. வேணுமா, வேணாமா?”

“ஊர் என்ன சொல்லும்? கட்சி தாவிட்டான்னு பேசாதா?”

“பேசட்டும். முதல்ல அந்த நாற்காலியை இழுத்துப் போடுங்க. ஒரு கால் ஆடும், சாஞ்சு உக்காராதீங்க.”

அவர் நாற்காலியைச் சுவரோரமாக இழுத்துப் போட்டுக்கொண்டார். ஆனால் உட்காரவில்லை. சாவியை எடுத்துக்கொண்டு நேரே பீரோவுக்குப் போனார்.

“என்னங்க, அதை எதுக்குத் திறக்கறீங்க?” என்று பதறினாள் எதிர்க்கட்சி.

“தாழ்வாரத்துல ரெண்டு பேர் காத்துக்கிட்டு நிக்கறாங்கம்மா,” என்றார் ஆளுங்கட்சி. “இன்னிக்கு நீ எட்டிப் பார்க்கல.”