டாக்டர் இரண்டாம் முறை கேட்டதால் பிழைத்தேன்

மலேசியாவின் போர்ட் கிள்ளானில் லோரி ஓட்டும் எனக்கு ஆறு வருடமாக முதுகுவலி. மாத்திரையும் தைலமுமாகச் சமாளித்து வந்தேன். போன வருடம் வலி தாங்காமல் ஒரு கிளினிக்குக்குப் போனேன்.

இளம் பெண் டாக்டர் என் கால்களைத் தூக்கிச் சோதித்துவிட்டு, "அண்ணே, ஒன்னுக்குப் போறதுல சிரமம் இருக்கா?" என்று கேட்டார்.

கூச்சத்தில், "அதெல்லாம் இல்ல லா டாக்டர்" என்றேன்.

அவர் விடவில்லை. "வெக்கப்படாதீங்கண்ணே. முதுகுல நரம்பு நசுங்கினா அப்படி ஆகும், அதான் கேக்குறேன்."

முந்தின நாளிலிருந்து சரியாகப் போகவில்லை, உட்காரும் இடம் மரத்திருக்கிறது என்று அப்போதுதான் சொன்னேன். உடனே அவரே ஆஸ்பத்திரிக்குப் பேசி, ஆம்புலன்ஸில் ஏற்றிவிட்டார். அன்றே ஆபரேஷன் நடந்தது. தாமதித்திருந்தால் கால்கள் செயலிழந்திருக்கலாம் என்றார்கள்.

இன்று நன்றாக நடக்கிறேன். என் பொய்யை நம்பாத அந்த டாக்டருக்குக் கோடி நன்றி. இப்போதெல்லாம் டாக்டர் முன் உட்கார்ந்ததும், சொல்லக் கூசுவதைத்தான் முதலில் சொல்கிறேன்.