துரையின் பழைய தொப்பி

வீட்டிலேயே உரத்த குரல் எனக்குத்தான் என்பதால், இலங்கை மலையகத்தில் எங்கள் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்துச் சுதந்திர தின நாடகத்தில் வெள்ளைக்காரத் துரை வேஷம் எனக்கு வந்தது. பெண்பிள்ளை துரையாகலாமா என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் சண்டைக்கு வருவேன் என்று தெரியும்.

நாடகத்தை எழுதியவர் அங்கே வாத்தியாராக இருந்த மாமா. இந்த நாட்டுக்காரர்களுக்குத் தங்களைத் தாங்களே ஆளும் புத்தி கிடையாது என்று வெள்ளைக்காரர்கள் சொல்லிக்கொண்டிருந்த காலத்தில், பத்திரிகைகளில் அதற்குச் சுடச்சுடப் பதில் எழுதியவர். அந்தக் கட்டுரைகளைத்தான் நாடகமாக்கியிருந்தார். துரையாக நான் வாதாட வேண்டும். தொழிலாளியாக வரும் அண்ணன் என்னை மடக்க வேண்டும். சுதந்திரத்துக்குப் பிறகும் தோட்டத்தை நிர்வகித்துவந்த வெள்ளைக்காரத் துரையின் பங்களாவில் சமையல் வேலை பார்த்த பெரியப்பா, அவர் கழித்துப்போட்ட தொப்பி ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார்.

நாடகத்தன்று பதுளை டவுனுக்குப் போவதாக இருந்த அந்த நிஜத் துரை, போகாமல் முன்வரிசையில் வந்து உட்கார்ந்துவிட்டார். மாமாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. துரை நினைத்தால் மறுநாளே மாமாவின் வேலை போய்விடும். எனக்கோ ஒரே உற்சாகம். “உங்களுக்கு ஆளத் தெரியாது. நாங்கள் போனால் அடித்துக்கொண்டு சாவீர்கள்” என்று முழங்கினேன். அண்ணன் துரையைப் பார்த்தான், என் தலையிலிருந்த தொப்பியைப் பார்த்தான், வசனத்தை மறந்தான்.

லயம் எனப்படும் எங்கள் வரிசை வீடுகளிலிருந்து வந்திருந்த கொழுந்து பறிக்கும் பெண்களுக்கு நடுவிலிருந்து அம்மா எழுந்து, மேடையிலிருந்த என்னைக் கேட்டாள்.

“லயத்துக்கு லயம் வேலையப் பிரிச்சு, வருசா வருசம் மாரியம்மன் திருவிழா நடத்துறது யாருங்க? தொரையா வந்து நடத்துறாரு?”

தோற்க எனக்கு மனமில்லை. “திருவிழா வேறு, நாடு வேறு” என்று நாடகத்தில் இல்லாததைச் சொன்னேன்.

“திருவிழாவுலயும் சண்டை வரத்தான் செய்யுது. பேசித் தீத்துக்கிறோம். நாட்டுக்கும் அதானுங்களே வேணும்?”

பெற்ற மகளுக்கே ‘ங்க’ போட்டுப் பேசியதில் கூட்டம் சிரித்தது, பிறகு கைதட்டியது. நான் தொப்பியைக் கழற்றினேன். தோட்டத் தமிழ் தெரிந்த துரையும் சிரித்துவிட்டார். தொப்பியைப் பிள்ளையே வைத்துக்கொள்ளட்டும் என்று மாமாவிடம் சொல்லிவிட்டுப் போனார். அப்போதுதான் மாமாவுக்கு மூச்சு வந்தது.

“நாம ஜெயிச்சிட்டோம்தானே மாமா?” என்று வழியில் கேட்டேன்.

“பாதி ஜெயிச்சிருக்கோம். மிச்சத்துக்கு இன்னொரு நாடகம் எழுதணும். அதுல நீ அம்மா பக்கம் நின்னு பேசு.”

“அப்ப தொரையா யாரு?”

“அதுல தொரை கெடையாதும்மா. நம்மள எதுத்துப் பேசப்போறவங்க இந்த நாட்டு ஆளுங்கதான், அவங்களுக்குத் தொப்பியே வேணாம்.”

அன்று கைதட்டிய எங்கள் லயத்து ஆட்களுக்கு வாக்குரிமை இல்லை. வெள்ளைக்காரன் காலத்தில் இருந்ததை, அவன் ஆட்சி போன கையோடு பறித்தது சுதந்திர நாட்டின் அரசாங்கம். அதெல்லாம் எனக்கு எங்கே தெரியும்? மாமா அப்போதே புது நாடகத்தின் வசனத்தை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வேகமாக நடந்தார். தொப்பி இல்லாத நாடகத்தை யார் பார்க்க வருவார்கள் என்ற கவலையோடு நான் பின்னால் ஓடினேன்.