பத்மா அக்கா எந்தப் புறாவுக்கும் சோறு போட்டதில்லை

செய்தி வந்தபோது கடை வாசலில் வெங்காய மூட்டை இறக்கிக்கொண்டிருந்தேன். அதாவது, இறக்குகிறவர்களை விரட்டிக்கொண்டிருந்தேன். சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் லாரியை எவ்வளவு நேரம் நிறுத்த விடுவார்கள் என்பது கடை வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். பத்மா அக்காவின் மகள் நித்யா மருத்துவமனையிலிருந்து அழைத்தாள். "அங்கிள், அம்மா போயிட்டாங்க," என்றாள். மூட்டைகளை எங்கே வேண்டுமானாலும் போடுங்கள் என்று சொல்லிவிட்டு, பக்கத்தில் பூட்டிக் கிடந்த அக்காவின் மூக்குக்கண்ணாடிக் கடையின் முன்னால் போய் நின்றேன்.

அங்கே நிற்கும்போதே கைப்பேசி அதிர ஆரம்பித்தது. பிடோக்கில் நாங்கள் குடியிருக்கும் அடுக்குமாடி புளோக்கின் வாட்ஸ்அப் குழு. யாரோ ஒருவர் அக்காவின் படத்தை எடுத்து, சுற்றிலும் புறாக்கள் இறக்கை விரித்து நிற்பதுபோல் ஒட்டி, "வாயில்லா ஜீவன்களுக்கு வயிறார அன்னமிட்ட தாயே" என்று எழுதியிருந்தார். அதற்குக் கீழே வரிசையாகக் கூப்பிய கைகள்.

இறந்தவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்வது நம் வழக்கம். அதில் இரண்டு வார்த்தை பொய்யாக இருப்பதும் வழக்கம்தான், நானும் சொல்லியிருக்கிறேன். ஆனால் உயிரோடு இருந்தபோது எந்தப் பழியை ஒருவர் தலையில் ஏற்றினோமோ, அதையே மாலையாகக் கட்டி அவர் படத்துக்குப் போடுவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. பத்மா அக்கா தன் வாழ்நாளில் ஒரு புறாவுக்கும் ஒரு பருக்கை போட்டதில்லை. அவரை அறிந்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அறிந்ததாக நினைத்துக்கொண்டிருப்பவர்களும் படிக்கலாம்.

கணவர் இறந்த பிறகு அந்தக் கண்ணாடிக் கடையைத் தனியாக நடத்தியவர் அவர். என் மளிகைக் கடைக்கும் அவர் கடைக்கும் நடுவில் ஒரே சுவர். வாடகை ஏறும்போது இரண்டு பேரும் சேர்ந்து திட்டுவோம். திருவிழாக் கூட்டத்தில் யார் வாசலை யார் அடைத்தார்கள் என்று எங்களுக்குள்ளே திட்டிக்கொள்வோம். நல்ல வியாபாரி. மூக்கில் சரியாக உட்காராத சட்டத்தை எந்த வாடிக்கையாளர் தலையிலும் அவர் கட்டி நான் பார்த்ததில்லை.

ஒருமுறை தோட்டத்தில் தொங்கவிடும் பிளாஸ்டிக் தீனிக் கூடுகளைக் கொஞ்சம் வரவழைத்தேன். மேலே கூம்பு மூடி, கீழே பறவை உட்காரக் குச்சி. சர்க்கரைத் தண்ணீர் ஊற்றச் சிவப்புக் குப்பி தனியாக. தோட்டத்தோடு தனி வீடு வைத்திருக்கிற தரை வீட்டுக்காரர்கள் கேட்டார்கள், கொண்டுவந்தேன். என் வேலை அது. பிரித்து அடுக்கும்போது அக்கா வந்து அந்தச் சிவப்புக் குப்பியைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"செல்வம், இது அமெரிக்காவுல இருக்கிற ஹம்மிங்பேர்டுக்குச் செஞ்சது. அது இங்க வரணும்னா பாஸ்போர்ட் எடுக்கணும் லா," என்றார்.

கடையில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் அதோடு விடவுமில்லை. தீனிக் கூட்டை விலை கேட்டுக்கொண்டிருந்த ஒரு கணவன் மனைவியிடம் திரும்பி, இந்த ஊரில் காட்டுப் பறவைக்குத் தீனி வைப்பது குற்றம் என்று சொன்னார். தீனி வைத்தால் வருவது புறாவும் மைனாவும் எலியும்தான், நீங்கள் எதிர்பார்க்கிற பறவை வராது என்றார். அவர்கள் வெறுங்கையோடு போனார்கள். என் கடைக்குள் நின்று என் வாடிக்கையாளரைக் கிளப்பி அனுப்ப உங்களுக்கு என்ன உரிமை என்று கேட்டேன். "பக்கத்துக் கடை உரிமை," என்றார். சரக்கைத் திருப்பி அனுப்பினேன். சப்ளையர் இன்றுவரை அதைச் சொல்லிக் காட்டுகிறார்.

அவர் பறவைகளை அழைத்த விதமே வேறு. புளோக்குக்குக் கீழே சமூகத் தோட்டத்தில் கேட்டு வாங்கிய ஒரு பாத்தி அவருடையது. மற்றவர்கள் வெண்டையும் கத்தரியும் போட்ட இடத்தில் இவர் செம்பருத்தி, ரோஜாக் சாலட்டில் நறுக்கிப் போடுகிற இஞ்சிப்பூ, கறிவேப்பிலை என்று வைத்தார். பூவுக்குத் தேன்சிட்டு வந்தது. கறிவேப்பிலைப் பழம் கறுத்ததும் சின்னான் குருவியும் குயிலும் வந்தன. "சோறு வச்சா பறவை நம்மளப் பாக்கும். செடி வச்சா நாம பறவையப் பாக்கலாம்," என்பார். ஒரு மண் தட்டில் தண்ணீர் வைத்திருந்தார். கொசு வரும் என்று பயமுறுத்தியவர்களுக்கு, தினமும் காலையில் அதைக் கொட்டித் தேய்த்துக் கழுவி மாற்றுவதுதான் பதில். கொசுச் சோதனைக்கு வந்த அதிகாரி தட்டைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டு, வேறு பாத்திக்காரரின் வாளியைப் பற்றி எழுதிக்கொண்டு போனார்.

கறிவேப்பிலைதான் பெரிய போர்க்களம். நம் பெண்கள் கொத்துக் கொத்தாக ஒடித்துக்கொண்டு போவார்கள். அக்கா மேலே தாழ்வாரத்திலிருந்தே குரல் கொடுப்பார்: "இலைய எடுத்துக்குங்க, பழத்த விட்டுடுங்க. அது உங்களுக்கு இல்ல." ரசத்துக்கு வந்தவர்கள் குயிலின் பங்கை மதித்து நடந்துகொண்டது, எனக்குத் தெரிந்து, உலகத்தில் அந்த ஒரு பாத்தியில்தான்.

இப்போது கோபத்துக்கான இடத்துக்கு வருகிறேன்.

அமாவாசை வந்தால் நம்மில் சிலர் இலையில் சோறும் வடையும் வைத்துக் காக்கையைக் கூப்பிடுவோம். போனவர்கள் வந்து சாப்பிடுவதாக நம்பிக்கை. ஊரில் கூரை உண்டு. இங்கே அடுக்குமாடியில் கூரை ஏது? ஆகவே கீழே இறங்கி, தோட்டத்து ஓரப் புல்லில், சரியாக அக்காவின் பாத்திக்குப் பக்கத்தில் வைத்தார்கள். அங்கேதான் பறவை வருகிறதே என்ற கணக்கு. காக்கை வந்தால் வந்தது. புறா கட்டாயம் வந்தது. சாய்ந்தரம் எலி வந்தது. தரைத்தளத்துச் சீனர் வீட்டார் படம் எடுத்துப் புகார் கொடுத்தார்கள். அவர்களைக் குறை சொல்லமாட்டேன். புகாரில் என்ன எழுதியிருப்பார்கள்? இந்த புளோக்கில் "பறவை ஆண்ட்டி" என்றால் ஒருவர்தானே.

அதிகாரி வந்து அக்காவின் கதவைத் தட்டினார். நான் அப்போது அங்கே இருந்தேன். அக்கா எச்சரிக்கையைக் கடைசிவரை கேட்டுக்கொண்டார். நான் வைக்கவில்லை என்று மட்டும் சொன்னார். வைத்தது யார் தெரியுமா என்று அதிகாரி கேட்டார். தெரியாது என்றார் அக்கா. சோறு வைக்கிறவர்களில் ஒருவர் மூன்றாம் மாடியில் இருக்கும் வயதான அம்மா என்று எனக்கே தெரியும்போது அவருக்குத் தெரியாதா? அதிகாரி லிஃப்டில் ஏறியதும் கேட்டேன்: பேரைச் சொன்னால் என்ன, உங்கள் தலை ஏன் உருளவேண்டும்?

"சொல்லிட்டு நாளைக்கு அந்தம்மாவோட எப்படி லிஃப்டுல நிக்கிறது? அவங்ககிட்ட நானே சொல்லிக்கிறேன்," என்றார்.

சொன்னார். ஒவ்வோர் அமாவாசைக்கு முன்னாலும் படியேறிப் போய்ச் சொன்னார். அவர்கள் கேட்கவில்லை. புகார் போகும், அதிகாரி வருவார், புளோக்கில் முணுமுணுப்பார்கள். சோறு வைத்தவர்களே லிஃப்டுக்குள், "இந்தப் பத்மாவால எவ்வளவு அசிங்கம் பாருங்க," என்று பேசியதை நான் என் காதால் கேட்டேன். அந்தப் பழியோடுதான் அவர் போனார்.

போன பிறகும் விட்டோமா? பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும், கிளமெண்டியிலிருந்து வந்திருந்த அவர் தம்பி முரளி பெரிய வாழையிலையில் சோறு, வடை, பாயசம் எல்லாம் வைத்துத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கினார். நான் மற்றவர்களோடு வந்துசேர்வதற்குள் இலை பாத்தியின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டது. அவர் கையைத் தட்டிக் காக்கையைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். எனக்குத் தலைக்கு ஏறியது, இலையை எடுங்கள் என்று கத்தினேன்.

"அண்ணே, அக்காவுக்குப் பறவைன்னா உயிரு. இன்னிக்கு ஒரு நாள்தானே?" என்றார்.

"எல்லாரும் உங்க அக்காகிட்ட இதத்தான் சொன்னாங்க. ஒவ்வொருத்தருக்கும் ஒரு நாள்தான். எடுங்க."

அவர் எடுக்கவில்லை. காரியத்துக்கு வந்த சொந்தக்காரர்கள், துக்க வீட்டில் சத்தம் போடுகிறவன் யார் என்று என்னைப் பார்த்தார்கள். நித்யாதான் குனிந்து இலையை மடித்தாள். அதற்குள் நடக்கவேண்டியது நடந்துவிட்டது. காக்கை ஒன்றுகூட வரவில்லை. புறாக்கள் நடந்தே வந்திருந்தன. எதிர் புளோக்கில் யாரோ கைப்பேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

அந்தப் படம்தான் குடியிருப்பாளர் குழுவின் கூட்டத்துக்கு வந்தது. குழுத் தலைவர் மரியாதை தெரிந்த மனிதர். அக்காவின் மறைவுக்கு எல்லாரையும் எழுந்து நிற்கச் சொன்னார். பிறகு, பாத்தியைப் பார்த்துக்கொள்ள இனி ஆளில்லை, புகார் மட்டும் நிற்கவில்லை, ஆகவே செடிகளைப் பிடுங்கிவிட்டுப் புல் போட்டுவிடலாம் என்றார். தலைகள் ஆடின. பின்வரிசையில் மூன்றாம் மாடி அம்மா உட்கார்ந்திருந்தார். அவர் பெயர் என் நாக்கு நுனிவரை வந்தது. சொல்லியிருந்தால் அக்காவின் மேலிருந்த பழி அந்த நிமிடமே நீங்கியிருக்கும். அக்கா சொல்லாமல் காத்த பெயரை அவருக்காக எழுந்து நின்ற கூட்டத்திலேயே நான் அவிழ்ப்பதா?

எழுந்து எனக்குத் தெரிந்த கடை ஆங்கிலத்தில் சொன்னேன். சோறு வைத்தது அந்தப் பாத்தியும் இல்லை, பத்மா அக்காவும் இல்லை. வைத்தது நாங்கள், இந்த புளோக்கின் தமிழர்கள். கண்டிக்க வேண்டுமானால் எங்களைக் கண்டியுங்கள். செடி என்ன பாவம் செய்தது? பாத்தியை என் பெயரில் எழுதுங்கள் என்றேன். தலைவர் யோசித்தார். சரி என்றார். ஆனால் இன்னும் ஒரே ஒரு தடவை அங்கே சோறு கிடந்தால், மறுநாளே புல்தான் என்றும் சொன்னார். நம்மவர்கள் யாரும் வாய் திறக்கவில்லை. ஆமாம் என்று கூடச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அடுத்து வருவது ஆடி அமாவாசை. எந்த வீட்டில் இலை போடுவார்களோ அந்த வீட்டுக் கதவையெல்லாம் தட்டினேன். இரண்டு வீட்டில் சரி என்றார்கள். ஒரு வீட்டில் சாமி விஷயத்தில் தலையிடாதே என்றார்கள். பதிலுக்கு நானும் கொடுத்தேன். கடைசியாக மூன்றாம் மாடி.

"பத்மா சொல்லியே நான் கேக்கல. நீ சொன்னா கேப்பேனா, தம்பி?" என்றார் அந்த அம்மா.

"அக்கா மெதுவா சொன்னாங்க. நான் மெதுவா சொல்ல வரலம்மா. நீங்க வச்சதுக்குத்தான் அவங்க திட்டு வாங்குனாங்க, தெரியுமா?"

"தெரியும்," என்றார். அதை நான் எதிர்பார்க்கவில்லை. கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "எங்க வீட்டுக்காரர் போனதுலேர்ந்து வைக்கிறேன். காக்கா வந்து எடுத்தா, இன்னிக்கு அவர் சாப்பிட்டார்னு நினைச்சுக்குவேன். அதையும் வைக்காதேன்னா, அவருக்கு நான் வேற என்ன செய்யறது, சொல்லு."

அக்காவும் இதே வாசலில் நின்று இதைக் கேட்டிருக்கவேண்டும் என்று அப்போதுதான் உறைத்தது. பாத்தியில் ஒரு மூலை தருகிறேன், உங்கள் வீட்டுக்காரர் பெயரில் ஒரு பப்பாளி வையுங்கள், பழுத்தால் காக்கை தானாக வரும், யாரும் புகார் சொல்ல முடியாது என்றேன்.

"அது காய்க்கிற வரைக்கும் அவர் பட்டினியா இருப்பாரா?" என்றார். கதவைச் சாத்திக்கொண்டார். அறைந்து சாத்தவில்லை.

பத்மா அக்காவிடமிருந்து எதை வைத்துக்கொண்டாய் என்று யாராவது கேட்டால், பொறுமையை என்று சொல்லமாட்டேன். அந்தச் சரக்கு என்னிடம் எப்போதும் இருந்ததில்லை. ஒருவரைப் பற்றிச் சொல்லவேண்டியதை அவர் வீட்டுக் கதவில் நின்று அவரிடமே சொல்லிவிட்டு, வெளியே வேறு எவரிடமும் அவர் பெயரைச் சொல்லாமல் இறங்கி வருவது: அதை வைத்துக்கொண்டிருக்கிறேன். கஷ்டமாகத்தான் இருக்கிறது. இதை எழுதும்போதே அந்தப் பெயரை இரண்டு முறை எழுதிவிட்டு அடித்தேன்.

அமாவாசைக்கு இன்னும் நாள் இருக்கிறது. பப்பாளிக் கன்று வாங்கியாகிவிட்டது. மறுபடியும் மூன்றாம் மாடிக்குப் போவேன். கோபமாகத்தான் போவேன்.