உப்பை நிறுத்தச் சொன்ன டாக்டரும் என் மாமியாரும்

என் மனைவிக்கு இருதயம் பலவீனமாகிவிட்டது என்று திருச்சி டாக்டர் சொன்னபோது அவளுக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. நான் ஸ்ரீரங்கத்தில் பள்ளிக்கூட வாத்தியார். படுத்தால் அவளுக்கு மூச்சு முட்டும். சுவரில் தலையணையைச் சாய்த்து உட்கார்ந்தபடியேதான் தூங்குவாள். சாயங்காலமானால் மெட்டி விரலை அறுக்கிற அளவுக்குக் கால் வீங்கிவிடும். டாக்டர் சொட்டு மருந்து கொடுத்தார். உப்பு, ஊறுகாய், அப்பளம் எதுவும் ஆகாது, தண்ணீரும் அளவோடுதான் என்றார்.

அடுப்படியில் நானே தளிகை செய்தேன். உப்பில்லாத சாத்தமுதை, அந்தச் சப்பென்ற ரசத்தை, அவள் சாதத்தில் பிசைந்து சாப்பிட்டாள். ஆனாலும் வீக்கம் வடியவில்லை. உதவிக்கு என் மாமியார் திருவெள்ளறையிலிருந்து வந்திருந்தார். அந்தக் காலத்து வழக்கப்படி என்னோடு நேரே பேசமாட்டார். கதவுக்குப் பின்னால் நின்று மகளிடம் சொல்வார்:

"உங்காத்துக்காரர்கிட்ட கேளுடி, நாக்கு செத்துப்போனா உடம்பு எப்படித் தேறும்னு."

ஒரு மத்தியானம் நான் சீக்கிரம் வீடு திரும்பினேன். மனைவியின் தட்டில் தயிர்சாதம், பக்கத்தில் மாவடு.

"அம்மாவைக் கோவிச்சுக்காதீங்கோ. நான்தான் கேட்டேன்" என்றாள்.

மறுநாள் இருவரையும் குதிரை வண்டியில் ஏற்றிக்கொண்டு பாலம் தாண்டி டாக்டரிடம் போனேன்.

அவர் திட்டுவார் என்று நினைத்தேன். அவரோ மாமியாரை மகளுக்குப் பக்கத்தில் உட்காரவைத்தார்.

"அம்மா, இவங்க கணுக்காலுக்கு மேல கட்டைவிரலை வச்சு அழுத்துங்க. போதும், எடுங்க."

குழி விழுந்திருந்தது. நாங்கள் பார்த்துக்கொண்டே இருந்தோம். அது மூடவில்லை.

"உள்ள தண்ணி தேங்கியிருக்கு. உப்பு உள்ள போனா தண்ணியை வெளியே விடாது. அத்தனை பாரத்தையும் இந்த இருதயம்தான் தள்ளணும். அதுக்குத் தெம்பில்லை."

"நான் போட்ட மாவடுவாலயா?" என்று மாமியார் கேட்டார்.

"தெரியாமத்தானே போட்டீங்க. இனிமே தினம் காலையில நீங்களே அழுத்திப் பாருங்க. குழி ஆழமானாலோ மூச்சு அதிகமா வாங்கினாலோ உடனே கூட்டிட்டு வாங்க."

அன்றிலிருந்து மாமியார் என்னைவிடக் கண்டிப்பானார். எதிர்வீட்டு மாமி கோவில் புளியோதரை கொண்டுவந்தபோது வாசலிலேயே மறித்து, "பெருமாள் பிரசாதம்னாலும் வேண்டாம், எடுத்துண்டு போங்கோ" என்றார். பெண்ணின் வியாதி தாய்க்கும் புத்தியைக் கலக்கிவிட்டது என்று தெருவில் பேசினார்கள்.

கால் வீக்கம் வற்றியது. ஒருநாள் மனைவி சொன்னாள்: "அம்மாவும் நீங்களும் என் முகத்தையே பாக்கறதில்லை. காலைத்தான் பாக்கறேள்."

மாமியார் சீப்பை எடுத்துவந்து அவளுக்குத் தலை வாரிவிட்டார். அன்று எலுமிச்சம்பழமும் மிளகும் கூட்டி ஏதோ செய்தார். ருசியாக இருக்கிறது என்றாள் மனைவி. பொய்யோ நிஜமோ.

மறுவருஷம் சித்திரைத் தேரை வாசலில் நாற்காலி போட்டுப் பார்த்தாள். ஐப்பசி மழையில் கால் மறுபடி வீங்கியது. டாக்டர் வீட்டுக்கே வந்து போட்ட ஊசிக்கும் நீர் பிரியவில்லை. அம்மாவின் தோளில் சாய்ந்தபடியே போய்விட்டாள்.

காரியங்கள் முடிந்து மாமியாரை பஸ் ஏற்றப் போனேன். படியில் கால் வைத்தவர் திரும்பி, என்னிடமே கேட்டார்:

"நான் சரியாப் பாத்துண்டேனா, மாப்பிள்ளை?"

"நன்னாப் பாத்துண்டேள்" என்றேன்.

அது உண்மைதான். அவர் நம்பினதாகத் தெரியவில்லை.