மூன்று மச்சினன் கல்யாணம்

எங்கள் பட்டறையில் லீவு லெட்டரில் யாரும் நோய் என்று எழுத மாட்டோம். காதுகுத்து, கிரகப்பிரவேசம், மச்சினன் கல்யாணம், இவ்வளவுதான். சீக்காளி என்று பெயர் வந்துவிட்டால் ஆள்குறைப்பில் முதல் தலை நம்முடையதுதான் என்று ஒரு பயம். ராஜகீழ்ப்பாக்கம் தாண்டி இருந்த அந்தப் பட்டறையில் நான் வருகைப் பதிவேடு பார்க்கிற கிளார்க். அந்தப் பாழாய்ப்போன பழக்கத்தை அவனுக்குக் கற்றுக்கொடுத்தவன் நான்தான்.

அவன் லேத் மெஷினில் நின்றவன், என்னைவிடப் பத்து வயது இளையவன். கிட்னி கெட்டு வாரத்தில் இரண்டு நாள் டயாலிசிஸ் என்று ஆனதும் டாக்டர் சர்ட்டிஃபிகேட்டோடு என் மேசைக்கு வந்தான்.

"இத்த குடுத்துடவாண்ணா?"

"மூளை கீதா உனக்கு? உள்ள வை. கல்யாணம்னு எழுது," என்றேன். பெரிய புத்திசாலி நான்!

சில மாதங்கள் ஓடின. புதிதாக வந்த மேனேஜர் அவன் எடுத்த லீவுகளைப் பற்றி விசாரணை வைத்தார். வேலை போனால் இரண்டு பிள்ளைகளோடு அந்தக் குடும்பம் நடுத்தெருவில் நிற்கும். அவன் சர்ட்டிஃபிகேட்டுகளை எல்லாம் எடுத்து நீட்டினான். மேனேஜர் பழைய லெட்டர்களைப் புரட்டினார்.

"மூணு மச்சினன் கல்யாணமா? அப்பவே இதைக் குடுத்திருந்தா நம்ம டாக்டர்கிட்ட அனுப்பி, உக்கார்ற வேலையா பாத்துக் குடுத்திருப்போம். உடம்பு சரியில்லைன்னு உடனே யாரையும் அனுப்பிட முடியாதுப்பா. ஆனா இது முழுக்கப் பொய். யாரு எழுதச் சொன்னது?"

அவன் ஒரே ஒரு தடவை என்னைப் பார்த்தான். "நானாத்தான் எழுதினேன் சார்," என்றான்.

விசாரணைக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தவன் நான். அதையும் எழுதிக்கொண்டேன். என் வேலை எனக்குப் பெரிதாகப் போய்விட்டது. அவனை அனுப்புகிற கடிதத்தை டைப் செய்ததும் நானே.

மனசு கேட்காமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை செம்பாக்கத்தில் அவன் வீட்டுக்குப் போனேன். அவன் உள்ளே அசந்து தூங்கிக்கொண்டிருந்தான். அவன் மனைவி டீ கொண்டுவந்து கொடுத்தாள்.

"எனக்குக் கூடப்பொறந்தவங்க யாருமில்லண்ணா," என்றாள். "அன்னிக்கு ரூம்ல நீங்க பக்கத்துலயே இருந்தீங்களாமே. அண்ணன் கீறாருன்னு தெகிரியமா இருந்துச்சுன்னு சொன்னாரு."

அட கடவுளே. அப்போதாவது சொல்லியிருக்கலாம். டீயைக் குடித்துவிட்டு, உடம்பைப் பார்த்துக்கச் சொல்லும்மா என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன்.