மட்டிக்காரியின் ஆட்சேபணை

அந்த முகத்துவாரத்தில் எல்லோரும் அவளை மட்டிக்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். தண்ணீர் வற்றியதும் சேற்றில் இறங்கி, கையாலேயே துழாவி மட்டிச் சிப்பி எடுக்கிறவள். முப்பது வருஷம். இடுப்பு போயிற்று, நகங்கள் போயின, இரண்டு பெண்களைப் படிக்க வைத்தாயிற்று. ஆனால் மீன்வள அலுவலகத்தைப் பொறுத்தவரை அவள் மீனவர் இல்லையாம். படகு இருந்தால்தான் மீனவராம். படகு புருஷன் பேரில். அதனால் மீனவர் அட்டையும் அவருக்குத்தான். அந்த மனிதர் கடல் பக்கம் போயே ஒன்பது வருஷமாகிறது, பேருந்துப் பணிமனையில் காவலாளி. என்ன கண்றாவியோ!

இப்போது அந்தச் சேற்றைச் சுற்றி வேலி போட்டு, உல்லாசப் படகுத்துறை கட்டப் போகிறார்கள். வேலி வந்தால் அவளும் கூட இறங்கும் நாற்பது பெண்களும் தொழிலை மூட்டை கட்ட வேண்டியதுதான். கருத்துக் கேட்க மீன்வள அலுவலகத்தில் இரண்டு கூட்டம் போட்டார்கள். எப்போது? சரியாகத் தண்ணீர் வற்றும் நேரத்தில். இரண்டு தடவையும் பெண்கள் அத்தனை பேரும் சேற்றில், கூட்டத்தில் காலி நாற்காலிகள். ‘ஆட்சேபணை இல்லை’ என்று எழுதி முடித்துவிட்டார்கள். நேரத்தை மாற்றச் சொல்லி அவள் நடையாய் நடந்ததுதான் மிச்சம்.

மூன்றாவதுதான் கடைசிக் கூட்டம். அன்றைய மட்டி போனால் போகட்டும் என்று புருஷனையும் இழுத்துக்கொண்டு போனாள். அட்டை உள்ளவர்தான் பேசலாம் என்றார் அதிகாரி. புருஷன் எழுந்தார். பாவம், பொய் சொல்லத் தெரியாத மனிதர்.

“சார், அந்தச் சேத்தப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது. தொழில் பண்றது இவதான். இவளக் கேளுங்க.”

அதிகாரி தலையாட்டிக்கொண்டே எழுதினார். அவள் எட்டிப் பார்த்தாள். ‘மீனவர் ஒருவர் வந்தார். அவ்விடத்தில் தமக்குத் தொழில் இல்லை என்றார். ஆட்சேபணை இல்லை.’

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மேசையிலிருந்து ஒரு தாளை உருவித் தன் ஆட்சேபணையைத் தானே எழுதி நீட்டினாள். அட்டை இல்லாதவர் மனு செல்லாது என்று அவர் அதைத் தள்ளிவிட்டார்.

“செல்லாதுன்னு அதுலயே எழுதுங்க. நான் மீனவர் இல்லைன்னும் எழுதுங்க. கீழ உங்க பேரு, கையெழுத்து, தேதி. அத எடுத்துக்கிட்டு நான் கோர்ட்டுக்குப் போய்க்கறேன்.”

இத்தனை வருஷமாக அவர் வாயால் ஆயிரம் தடவை சொன்னதுதான். எழுத மட்டும் அவருக்குக் கை வரவில்லை. முத்திரையை எடுத்து, ‘பெறப்பட்டது’ என்று அவள் தாளில் குத்தினார்.

அவள் நகரவில்லை. அவருடைய ஏட்டில் ‘ஆட்சேபணை இல்லை’ என்ற வரியின் மேல் விரலை வைத்து, இதைக் கோடு போட்டு அடியுங்கள் என்றாள். அடித்தார்.